ஓப்பன் வாட்டர் தேர்வும் நான் அவசரப்பட்டு வாங்கிய பிசிடியும்

நெல்லைக் குறுக்குத்துறை ஆற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவன் நான். முதுகில் குடுக்கை, வயிற்றுக்கடியில் சித்தப்பாவின் கை, அவ்வளவுதான் வகுப்பு. அதனால், முதுகில் காற்று டேங்கைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கும் ஸ்கூபா படிக்கலாம் என்று முடிவானதும், மிதப்பதைப் பற்றி எனக்கு யார் புதிதாகச் சொல்லித்தர வேண்டும் என்று ஒரு திமிர். அந்தத் திமிரில், பயிற்சியில் சேரும் முன்பே பழைய பிசிடி ஒன்றை ஆன்லைனில் பாதி விலைக்கு வாங்கினேன். பிசிடி என்றால் காற்றுப்பை வைத்த சட்டை; டேங்கையும் அதுதான் முதுகில் தாங்கும். என் அளவு மீடியம், வந்தது லார்ஜ். உள்ளே வெட்சூட் என்ற ரப்பர் உடை போடுவோமே, சரியாகிவிடும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

ராத்திரி வாயால் ஊதி, கட்டிலில் வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் வாடிய புடலங்காய் போலக் கிடந்தது. தெருமுனைப் பஞ்சர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். “என்னடே இது, வெள்ளத்துக்குப் போடுத சட்டையா?” என்றார் அண்ணாச்சி. ட்யூபை முக்கிப் பார்ப்பதைப் போலவே அதைத் தொட்டியில் பகுதி பகுதியாக அமுக்கினார். வலது தோளில் காற்றை வெளியேற்றும் வால்வு இருக்கிறதே, அங்கிருந்து ஊசி நூல் மாதிரி குமிழ் வந்தது. கழற்றினால், ரப்பர் வாஷரைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்புக் கல். முன்பு வைத்திருந்தவர் உள்பக்கம் கழுவியதே இல்லை. பழையது வாங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது: ஒரு ராத்திரி ஊதி வை, மறுநாள் தண்ணீரில் முக்கு. காற்று ஏற்றும் இன்ஃப்ளேட்டர் பொத்தானை அழுத்திவிட்டால் உடனே திரும்ப வருகிறதா என்று டேங்கை மாட்டியும் பார்க்க வேண்டும். அது சிக்கிக்கொண்டால் சட்டை தானாகக் காற்று ஏற்றிக்கொண்டே போகும், நீங்கள் ராக்கெட்.

அப்புறம் புதுச்சேரியில் பயிற்சி. நான் எழுதியது ‘பாடி’ (PADI) என்ற ஸ்கூபா பயிற்சி அமைப்பின் ஓப்பன் வாட்டர் தேர்வு, அதாவது முதல்நிலைத் தேர்வு. 50 கேள்வி, 75 சதவீதம் எடுத்தால் போதும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வகைக் கேள்வியை மட்டும் மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ளுங்கள்: நன்னீரில் மூழ்காமலும் மிதக்காமலும் நிற்கும் பொருளைக் கடலில் போட்டால் என்ன ஆகும்? மேலே வரும். கடல்நீர் ஏறக்குறைய இரண்டரை சதவீதம் கனமானது. ஆள், டேங்க், சாமான் எல்லாம் சேர்த்து 95 கிலோ என்றால், உள்ளே இறங்குவதற்காகக் குளத்தில் உடம்பில் கட்டிய ஈயக் கட்டிகளைவிடக் கடலில் 2 கிலோவுக்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டும். எனக்குக் குளத்தில் 4, கடலில் 6 என்று பயிற்றுநர் கணக்குப் போட்டார். இறங்க முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் நான் 8 கேட்டு வாங்கினேன்.

கூத்து அங்கேதான் ஆரம்பம். தேவைக்கு மேல் 2 கிலோ ஈயம் என்றால், அதைச் சமாளிக்கச் சட்டையில் 2 லிட்டர் காற்று அதிகம். 10 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அந்த 2 லிட்டர், வெளியேற்றாமல் மேற்பரப்புக்கு வந்தால் 4 லிட்டர். கொஞ்சம் மேலே வந்தாலும் காற்று விரியும், விரிந்தால் இன்னும் மேலே போவோம். அந்தரத்தில் அசையாமல் நிற்க வேண்டிய இடத்தில் நான் பட்டம் விட்ட மாதிரி ஏறி இறங்கினேன். லார்ஜ் சட்டையோ காதுவரை ஏறிவிட்டது. வால்வுக் கயிறு எங்கே என்று கை தடவுகிறது, கிடைக்கவில்லை. பயிற்றுநர் என் கால்துடுப்பைப் பிடித்து இழுத்துக் கீழே நிறுத்தினார். மேலே வந்ததும், “தம்பி, நாளைக்கு எங்க மீடியம் போடுங்க, ரெண்டு கிலோவ கழட்டுங்க” என்றார். மறுநாள் 30 விநாடி நின்றேன்.

ஆகவே என் கருத்து இது: பிசிடி சரியில்லை என்று புதியவர்கள் புலம்புவதில் பெரும்பங்கு ஈயத்தின் கோளாறு. முதலில் எடையைச் சரிபாருங்கள். டேங்கின் அழுத்தம் 50 பாருக்கு (bar) இறங்கி, காற்று தீரப்போகும் நிலையில், சட்டையில் காற்றே இல்லாமல், சாதாரணமாக மூச்சை இழுத்துப் பிடித்தால் தண்ணீர் கண்மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல இறங்க வேண்டும். நிறைந்த டேங்கோடு பார்த்தால் 2 கிலோ கூட்டிக்கொள்ளுங்கள், அவ்வளவு காற்றைத்தான் குடித்துத் தீர்க்கப் போகிறீர்கள்.

இனி வகை. ஜாக்கெட் வகை மேற்பரப்பில் சொகுசு, நிமிர்ந்து நிற்கலாம். நிறைய ஊதினால் வயிற்றை நெருக்கும். முதுகுப்பக்கம் மட்டும் காற்று ஏறும் வகையில் தண்ணீருக்குள் படுத்தவாக்கில் போவது சுலபம். மேலே மிதக்கும்போது முகத்தை முன்னே தள்ளும், கொஞ்சம் சாய்ந்துகொள்ளப் பழக வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. முதுகுத் தகடும் விங் எனும் காற்றுப்பையும் தனித்தனியாக வரும் வகையும் நல்லதுதான், ஆனால் வார்களை அளந்து பொருத்தும் பொறுமை வேண்டும். நம் வெதுவெதுப்பான கடலுக்கு 3 மில்லிமீட்டர் வெட்சூட்டும் ஒற்றை அலுமினிய டேங்கும்தான். பெரும்பாலோருக்கு 12, 14 கிலோ தூக்கும் பை தாராளம். 20 கிலோ தூக்கும் என்று கடைக்காரர் பெருமை பேசினால் தலையாட்டிவிட்டு வாருங்கள். பெரிய பையில் காற்று அங்குமிங்கும் உருளும், நெல்லையிலிருந்து ரயில், அப்புறம் அந்தமானுக்கு விமானம் என்று சுமந்து போவதும் நாம்தான்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது முழுக்க ஊத வைத்து, மூச்சு முட்டுகிறதா பாருங்கள். கூட வந்தவரைத் தோள்வாரைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள். இரண்டு விரற்கடைக்கு மேல் ஏறினால் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வால்வுக் கயிற்றையும் தொட்டுப் பாருங்கள். முதல் பத்து டைவ் வரை வாடகைக்கு எடுத்துப் பல வகையும் போட்டுப் பார்ப்பதுதான் புத்தி. கையில் காசிருந்தால் முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க் வாங்குங்கள்.

என் லார்ஜ் பரணில் கிடக்கிறது. “அடுத்த சட்ட எப்பம்டே?” என்று அண்ணாச்சி கேட்கிறார். பத்து முடியட்டும் என்றிருக்கிறேன். ஆறு ஆகியிருக்கிறது.