ரெஃபரல் கடிதத்தில் விட்டுப்போன இரண்டு எண்கள்

இன்னும் கோபம் ஆறவில்லை. மகள் பிறந்ததும் அழவில்லை. ஆக்ஸிஜன் குறைந்து மூளை பாதித்திருக்கலாம், உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கையில் கொடுத்த ரெஃபரல் கடிதத்தில் எடையும் பிறந்த நேரமும்தான் இருந்தன. குழந்தையின் மூச்சு, இதயத்துடிப்பு, நிறம் போன்றவற்றைப் பார்த்துப் போடும் 10ஆவது நிமிட அப்கார் மதிப்பெண் இல்லை, ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் தொப்புள்கொடி ரத்த வாயு அறிக்கையும் இல்லை. அங்கே போனதும் முதலில் கேட்டதே இந்த இரண்டைத்தான். உடலைக் குளிர்விக்கும் சிகிச்சை தரலாமா என்று பார்க்க அவை வேண்டும். சிகிச்சையைப் பிறந்து 6 மணி நேரத்துக்குள் தொடங்கவும் வேண்டும்.

பழைய இடத்துக்குப் போன் செய்தால் பதிவறை ஊழியர், "நேர்ல வந்து எழுதிக் கொடுத்து வாங்கிக்குங்க" என்றார். எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை. கடைசியில் பிரசவ அறை நர்ஸ் ஒருவர் தானே தேடியெடுத்து, இரண்டையும் படம்பிடித்து அனுப்பினார். ரத்தத்தின் பிஎச் 7க்குக் கீழே, அதாவது அமிலத்தன்மை மிகக் கூடியிருந்தது. மருத்துவர் பார்த்த கையோடு தொடங்கிவிட்டார், கெடு தாண்டவில்லை. அந்த நர்ஸ் நன்றாயிருக்கட்டும்.

உடல் வெப்பம் 33.5 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம், அப்புறம் மெதுவாகச் சூடேற்றினார்கள். அது சிக்கலில்லாமல் போனது.

ஏன் இவ்வளவு அவசரம் என்று பிறகு மருத்துவரிடம் கேட்டேன். மூச்சு வந்ததும் மூளைச் செல்கள் சில மணி நேரம் தேறியதுபோல இருக்குமாம். அதற்குப் பிறகுதான் இரண்டாவது சரிவு. அதில் மூளையின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியாவுக்கும் பங்குண்டு. தூண்டப்பட்டால் அவை அழற்சிப் பொருட்களைச் சுரந்து பக்கத்திலிருக்கும் நல்ல செல்களையும் கெடுக்கும். குளிர் அந்த வேகத்தைத் தணிக்கிறது.

அப்படியானால் மருந்து கொடுத்து அவற்றை அழித்துவிடலாமே என்றேன். கூடாது என்றார். கரு உருவான சில வாரங்களிலேயே மூளைக்குள் வந்து சேர்ந்துவிடும் இவைதான், இறந்த செல்களை அகற்றுகின்றன, தேவையற்ற நரம்பிணைப்புகளைக் கத்தரிக்கின்றன. பிறந்த எலிக்குட்டிகளில் இவற்றை நீக்கிவிட்டுப் பக்கவாதம் உண்டாக்கிய ஆய்வுகளில் மூளைச் சேதம் கூடத்தான் செய்ததாம்.

யாருக்காவது இந்த நிலை வந்தால், ஆம்புலன்ஸ் கிளம்பும் முன் அப்காரையும் ரத்த வாயு அறிக்கையையும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்றும் கேளுங்கள். கருப்பையில் தொற்று இருந்திருந்தால் மைக்ரோகிளியா செல்கள் முன்பே உசுப்பப்பட்டிருக்கலாம். டிஸ்சார்ஜ் தாளில் வளர்ச்சிப் பரிசோதனைத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். ஏனென்றால் மூளையில் அழற்சி மாதக்கணக்கில் நீடிக்கலாம். எங்கள் தாளில் அந்த இடம் காலியாக இருந்தது, எழுதி வாங்கிய பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினோம்.