பயந்த நாயைப் புது வீட்டில் சேர்ப்பது

ரோட்டில் எடுத்து வளர்த்த எட்டு மாத நாயைத் தேயிலைத் தோட்டத்தில் இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கும்போது, அது தொலைந்து போவது பெரும்பாலும் ஆட்டோவிலிருந்து இறக்கும் அந்த நிமிடத்தில்தான். பயந்த நாய் முன்னுக்குப் பாயாது, பின்னுக்கு இழுக்கும். காதை ஒட்டிக்கொண்டு தலையை இரண்டு தரம் உதறினால் கழுத்துப் பட்டி கழன்று கையோடு வந்துவிடும். தேயிலைக்குள் ஓடிய நாய்க்குப் புது ஆட்களின் குரல் தெரியாது, கூப்பிட்டால் இன்னும் தூரம் போகும்.

அதனால் இரண்டு விரல் நுழையும் இறுக்கத்தில் கழுத்துப் பட்டி, கூடவே மார்பையும் தோளையும் சுற்றிக் கட்டும் மார்புப் பட்டி, இரண்டுக்கும் தனித்தனி வார். மார்புப் பட்டியையும் பின்னுக்கு இழுத்தே கழற்றும் நாய்கள் உண்டு. விலா முடிகிற இடத்தில் இன்னொரு பட்டை வரும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் வாரைக் கையிலிருந்து விடவேண்டும்.

மலை ரோட்டு வளைவில் வாந்தி எடுக்கும். புறப்படுவதற்கு நாலைந்து மணித்தியாலம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் கொடுக்கலாம். அது படுத்த சாக்கைக் கழுவாமல் அப்படியே கூட அனுப்புங்கள். விசர்நாய்த் தடுப்பூசி அட்டையும் போகவேண்டும்.

முதல் மூன்று நாள் ஒரே காம்பரா (அறை), சாத்திய கதவு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இதுதான் கஷ்டம்: புது நாய் வந்திருக்கிறது என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) நிற்பார்கள். வெட்கப்படாமல் அனுப்பிவிடுங்கள். சிறுத்தை நடமாடும் தோட்டமென்றால் இராத்திரி நாயை வெளியே கட்டவே கூடாது. சீமெந்துத் தரை குளிரும், சாக்குக்குக் கீழே பலகை போடுங்கள்.

கையில் சாப்பாட்டைக் காட்டிக் கிட்டக் கூப்பிடுவது எல்லோரும் செய்யும் பிழை. பசியில் கழுத்தை நீட்டி வரும், வாயில் எடுத்த பிறகுதான் உங்கள் கை எவ்வளவு கிட்ட என்று பார்க்கும். அப்போதுதான் கடி விழும். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, நகமளவு அவித்த கோழித் துண்டை அதன் முதுகுக்குப் பின்னால் எறியுங்கள். எடுக்கத் திரும்பும்போது உங்களை விட்டு விலகுகிறது, மனசு இளகுகிறது. பிறகு தானாக ஒரு அடி கிட்ட வரும். அந்த அடிக்கும் ஒரு துண்டைப் பின்னுக்கே எறியுங்கள்.

பசியில்லாமல் உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரிவது எல்லாம் "போதும்" என்று சொல்வதுதான். தடவும்போது அசையாமல் விறைத்து நின்றால் "பழகிட்டான்" என்பார்கள். அது கடிக்கு முந்தின படி, கையை எடுத்துவிடுங்கள்.

கொழுந்து லொறி, தோட்டத்துச் சங்கு, தப்பு மேளச் சத்தம் எல்லாம் ஒரே நாளில் சேர்ந்தால் அடுத்த நாள் சின்னச் சத்தத்துக்கும் நடுங்கும். அன்றைக்கு வெளியே நடக்கக் கூட்டிப் போகாமல் விடுவது நல்லது. ஒண்ணுக்குப் போக மட்டும், வேலி இருந்தாலும் வாரோடுதான். உள்ளே வந்ததும் விரலிடுக்கில் அட்டையும் காதில் உண்ணியும் பார்க்கவேண்டும், ஆனால் நாய் தன்னைத் தொடவிட்ட பிறகுதான்.

பழைய சாப்பாட்டையே முதலில் கொடுங்கள். புதியதைக் கால்வாசியாகச் சேர்த்து ஒரு கிழமையில் மாற்றலாம். முதல் நாள் சாப்பிடாவிட்டால் பதற வேண்டாம். வாந்தியோடு இரத்தம் கலந்த வயிற்றோட்டம் கண்டால் காத்திருக்காமல் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

மீறி ஓடிவிட்டால் துரத்தாதீர்கள். ஓடின இடத்தில் அந்தக் கழுவாத சாக்கைப் போட்டு, பக்கத்தில் சாப்பாடு வைத்து, வளர்த்தவரை வரச் சொல்லி அங்கேயே உட்காரவையுங்கள்.