பிங் வந்தால் போதும் என்று இருந்தேன்

மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட் போட்டு 38 லினக்ஸ் சர்வர்களை ரீபூட் செய்வது என் தலையில் விழுந்த வேலை. ஒவ்வொன்றாக உள்ளே போய் ரீபூட் கொடுத்துவிட்டு, பக்கத்து விண்டோவில் பிங் (மெஷின் நெட்வொர்க்கில் பதில் சொல்கிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை) ஓடவிட்டு உட்கார்ந்திருப்பேன். சரி, ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் எழுதிவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில் எழுதியது பத்தே வரி. சர்வர் பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடு, எஸ்எஸ்ஹெச் (தூரத்து மெஷினுக்குள் நுழைந்து கட்டளை கொடுக்கும் கருவி) வழியாக ரீபூட் கொடு, பிங்குக்குப் பதில் வந்ததும் ‘வந்தாச்சு’ என்று காட்டு, அடுத்த பெயருக்குப் போ. ஓட்டினேன். இரண்டு விநாடியில் ‘வந்தாச்சு’. அதோடு ஸ்கிரிப்டும் முடிந்துவிட்டது. மீதி 37 எங்கே?

எஸ்எஸ்ஹெச் விழுங்கியிருந்தது. லூப்புக்குள் ஓடும்போது பட்டியலின் மிச்ச வரிகளையும் தனக்கு வந்த உள்ளீடு என்று அதுவே படித்துவிடும். உள்ளீட்டைப் படிக்காதே என்று சொல்லும் ‘-n’ ஆப்ஷனைச் சேர்த்ததும் சரியானது.

அந்த இரண்டு விநாடிதான் உண்மையில் படுத்தியது. மெஷின் அணையவே இல்லை. லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி, ஒவ்வொரு சர்வீஸும் நிற்பதற்கு வழக்கமாக 90 விநாடி வரை பொறுக்கும். டேட்டாபேஸ் இழுத்தடித்துக்கொண்டிருக்க, நெட்வொர்க் பாட்டுக்குப் பிங்குக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. சரி, பிங் ஒருமுறை நின்று திரும்பி வந்தால்தான் கணக்கு என்று மாற்றினேன். இப்போது எதிர்ப்பக்கம் இடித்தது. சின்ன விர்ச்சுவல் மெஷின்கள் இரண்டு பிங்குக்கு நடுவிலேயே அணைந்து எழுந்துவிட்டன. அவை அணையட்டும் என்று ஸ்கிரிப்ட் காத்துக்கொண்டே கிடந்தது.

வழி காட்டியது பூட் ஐடி. லினக்ஸ் கர்னல் ஒவ்வொரு முறை எழும்போதும் புதிதாக ஓர் அடையாள எண் உருவாக்கி, தன் விவரங்களைக் காட்டும் ப்ராக் (/proc) அடைவுக்குள் வைக்கிறது. ரீபூட்டுக்கு முன் அதைக் குறித்துக்கொண்டு, பிறகு பத்து விநாடிக்கு ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். எண் மாறியிருந்தால் எழுந்துவிட்டது. கடவுச்சொல் கேட்டு நிற்காதபடி எஸ்எஸ்ஹெச்சுக்கு பேட்ச் மோட், இணைப்புக்கு 5 விநாடி வரம்பு. விர்ச்சுவல் அல்லாத நிஜ இரும்புப் பெட்டிகள் மெமரி சோதனையிலேயே பல நிமிடம் தின்னும் என்பதால், மொத்தம் 15 நிமிடம் கொடுத்தேன். (பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் கருவியான ஆன்சிபிளின் ரீபூட் மாட்யூலும் லினக்ஸில் இதே பூட் ஐடியைத்தான் பார்க்கிறது, 600 விநாடி வரை காத்திருக்கிறது என்று அப்புறம் தெரிந்தபோது கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது.)

அடுத்த மாதம் 37 வந்தன. ஒன்று மட்டும் 15 நிமிடம் கடந்தும் வாய் திறக்கவில்லை. ஐபிஎம்ஐ கன்சோலை (மெஷின் முழுதாக எழாவிட்டாலும் தூரத்திலிருந்து அதன் திரையைப் பார்க்கும் வழி) திறந்தால், பூட் பாதியில் தடுக்கி எமர்ஜென்சி மோடில் நிற்கிறது. இடையில் கழற்றிய டிஸ்க் ஒன்றின் வரி, பூட்டில் எந்த டிஸ்க்குகளை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அப்படியே இருந்தது, டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் தொடரட்டும் என்று சொல்லும் ‘நோஃபெயில்’ கூட இல்லாமல். அந்த வரிக்கு மேலே தேதியோடு ஒரு குறிப்பு: ‘தற்காலிகம், அடுத்த வாரம் எடுத்துவிட வேண்டும்’. எழுதியவன் நான்தான்.