பாம்பன் வானத்துக்கு ஒரு மூங்கில் கோள யந்திரம்: வளையம் எல்லாம் ஏறிடுச்சு

ஆர்மில்லரி ஸ்பியர்னா, அதாவது வானத்துல இருக்கிற கற்பனைக் கோடுகளை வளையம் வளையமா காட்டுற கோள யந்திரம்னா, பித்தளையிலதான் செய்யணும்னு இல்ல. 12ஆம் நூற்றாண்டுலயே கணித, வானியல் மேதை பாஸ்கராச்சாரியார் தன் கோளாத்தியாயம்ங்கிற நூல்பகுதியில மூங்கில் பட்டையை வளைச்சு கோள யந்திரம் கட்டுறதைப் பத்தி எழுதியிருக்கார், அதை நம்பித்தான் நான் இறங்குனேன்.

கூடை முடையிற அக்காகிட்ட சொல்லி பச்சை மூங்கில்ல மெல்லிசா பிளாச்சு சீவி வாங்கி, ராத்திரி முழுக்க தண்ணியில ஊறப்போட்டு, தணல்ல காட்டிக் காட்டி வளைச்சேன். நடு வளையம், அதாவது வான நடுவரை, குறுக்களவு 30 செ.மீ., அப்போ கடக ரேகை மகர ரேகை வளையம் ரெண்டும் 27.5, துருவத்துக்கிட்ட வர்ற சின்ன வளையம் 12 செ.மீ. இந்தச் சின்னதுதான் உயிரை வாங்குச்சு, கணு இருக்கிற எடத்துல வளையவே மாட்டேங்குது, அதனால கணு இல்லாத துண்டாப் பாத்து எடுத்து, மேல்தோல் வெளிப்பக்கம் வர்ற மாதிரி வளைச்சு தங்கூசி நரம்பால (மீன் பிடிக்கிற நைலான் இழை) இறுக்கிக் கட்டுனேன். சூரியன் போற பாதை வளையம், அதாவது ராசி வளையம், நடுவரைக்கு 23.5 பாகை சாய்வு.

ஃப்ளாரன்ஸ்ல சாந்தூச்சி 1588ல ஆரம்பிச்சு 1593ல முடிச்ச பெரிய கோளத்துக்கு தங்கம் பூசியிருப்பாங்க, டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகே 1585ல வச்சது ஆளை விடப் பெருசு. ரெண்டு பேர் ஊரும் வடக்கே தள்ளி இருக்கு, அங்க துருவம் வானத்துல உசரத்துல நிக்கும். பாம்பன்ல அது அடிவானத்துக்கு மேல 9.3 பாகைதான், அதை நோக்கி வைக்கிற அச்சு கிட்டத்தட்ட படுத்தே கெடக்கு. பக்கத்து வீட்டு சம்மாட்டி ஐயா குனிஞ்சு பாத்துட்டு, "ஆமா தம்பி, கடல்ல நின்னு பாத்தாலும் துருவ நட்சத்திரம் இம்புட்டு தாழ்வாத்தான் தெரியும்"னாங்க. எனக்கு அம்புட்டு சந்தோஷம்!

அச்சை இப்படி வச்சதும் எல்லாம் புரிய ஆரம்பிக்குது. கடக ரேகையையும் மகர ரேகையையும் அடிவானப் பலகை ஏறக்குறைய பாதிபாதியாத்தான் வெட்டுது, அதான் நம்ம ஊர்ல ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் சுமாரா ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். சூரியப் பாதையில சித்திரை 1 வாக்குல வர்ற எடத்துல சிவப்பு நூல் கட்டிச் சுத்துனா, அது நேரா தலைக்கு மேல போகுது, ஆகஸ்ட் கடைசியில இன்னொரு தடவை.

அடுத்து ராசி வளையத்துல பாகை குறிக்கணும். மூங்கில்ல மை பரவுது, அதனால பனையோலை நறுக்குல எழுத்தாணியால கீறி ஒட்டலாம்னு இருக்கேன். பனையோலையில கீறிப் பழகுனவங்க இருந்தா சொல்லுங்க, ஓலையை எவ்வளவு பதமா காயவைக்கணும்?