பாம்பைக் கவ்விய பெருநாரை

பழைய கல்கத்தா மாநகராட்சியின் சின்னத்தை இன்று பெரிதாக்கிப் பார்த்தேன். 1896-இல் வழங்கப்பட்டது. கேடயத்தைத் தாங்குவது சிங்கமோ யானையோ இல்லை, இரண்டு பெருநாரைகள்! ஒவ்வொன்றின் அலகிலும் ஒரு பாம்பு.

கிட்டத்தட்ட 5 அடி உயரம், வழுக்கைத் தலை, கழுத்தில் தொங்கும் பை. அழகான பறவை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த ஊர்க் குப்பையையும் செத்த விலங்குகளையும் தின்று தீர்த்தது அதுதான். அந்தப் பறவையின் ‘ஹர்கிலா’ என்ற பெயருக்கே எலும்பு விழுங்கி என்றுதான் பொருள். துப்புரவு செய்த பறவைக்குச் சின்னத்தில் இடம் கொடுத்தார்களே, அது எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

இன்று கொல்கத்தாவில் அது இல்லை. அசாமில் உயிரியலாளர் பூர்ணிமா தேவி பர்மனும் கிராமத்துப் பெண்களும் அதன் கூடுகளைக் காக்கிறார்கள். தறியில் துணி நெய்யும்போது அந்தப் பறவையையும் சேர்த்து நெய்கிறார்கள்.