பாடும் பறவைகளின் உறவைத் தேட மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ: கவனிக்க வேண்டியவை

மதுரைத் தோட்டங்களில் பாடும் குண்டுக்கரிச்சானை வெகுகாலம் பூங்குருவிகளோடுதான் சேர்த்து வைத்திருந்தார்கள். டிஎன்ஏ வரிசைகளைப் பார்த்த பிறகு அது ஈப்பிடிப்பான் குடும்பத்துக்குப் போனது. உருவத்தை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும்.

முதல் வேலை அனுமதி. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பறவையைப் பிடிக்கவும் மாதிரி எடுக்கவும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும். அழகர்மலையோ, சிறுமலையோ, கொடைக்கானலோ, எங்கே போனாலும் இதுவே. கீழே உதிர்ந்து கிடக்கும் இறகையும் விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள்.

சிறகு நரம்பிலிருந்து எடுக்கும் இரத்தம் உடல் எடையில் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 8 கிராம் தேன்சிட்டுக்கு உச்சவரம்பு சுமார் 80 மைக்ரோலிட்டர். 20 இருந்தாலே தாராளம். குயின்ஸ் லைசிஸ் பஃபரில் (இரத்த மாதிரியைக் கெடாமல் வைக்கும் கரைசல்) போட்டால் சித்திரை வெயிலிலும் குளிர்பெட்டி இல்லாமல் தாங்கும். எத்தனாலில் போட்டால் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், லேபிளைப் பென்சிலில் எழுத வேண்டும். எத்தனால் கசிந்தால் பேனா மை கரைந்து, எது எந்தப் பறவை என்றே தெரியாமல் போய்விடும்.

பறவையின் சிவப்பணுவில் உட்கரு உண்டு. அதனால் டிஎன்ஏவை வடிகட்டிப் பிரிக்கும் குழாய் (column) கிட்டுக்கு 5 முதல் 10 மைக்ரோலிட்டர் இரத்தம் போதும். அதிகம் போட்டால் கரைசல் கூழாகி அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும். இறகு என்றால் தண்டின் அடிப்பகுதியைச் சில மில்லிமீட்டர் நறுக்கி, புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே நொதியோடு டைதியோத்ரைட்டால் (DTT) சேர்த்து, 56 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். டைதியோத்ரைட்டால் இல்லாவிட்டால் இறகின் புரதமான கெரட்டின் எளிதில் கரையாது.

மைட்டோகாண்ட்ரியாவின் என்டி2 ஜீன் (சுமார் 1041 காரங்கள், அதாவது டிஎன்ஏ எழுத்துகள்) பேரினத்துக்குள் உறவு பார்க்க நன்றாக உதவும். எல்5215, எச்6313 பிரைமர்கள் (நகலெடுப்பைத் தொடங்கி வைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) ஜீனுக்கு இருபுறமும் உள்ள டிஆர்என்ஏ ஜீன்களில் உட்காருவதால் பல இனங்களில் வேலை செய்யும். டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் கருவியில் 94 டிகிரியில் 3 நிமிடம். பிறகு 94-ல் 30 விநாடி, 54-ல் 45 விநாடி, 72-ல் 1 நிமிடம் என 35 சுற்று. கடைசியில் 72-ல் 10 நிமிடம். ஜெல்லில் டிஎன்ஏ பட்டை வராவிட்டால் 54-ஐ 50 ஆக இறக்குங்கள். பல பட்டைகள் வந்தால் ஏற்றுங்கள். டிஎன்ஏ சேர்க்காத ஒரு குழாய் ஒவ்வொரு முறையும் கட்டாயம். கருவியை யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள்.

உண்மையான ஆபத்து இதற்குப் பிறகுதான். மைட்டோகாண்ட்ரியா ஜீன்களின் பழைய பிரதிகள் உட்கருவுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும், நம்ட் என்பார்கள். பறவை இரத்தத்தில் உட்கரு டிஎன்ஏ மிக அதிகம், மைட்டோகாண்ட்ரியா குறைவு. ஆகவே பிரைமர் நம்ட்டைப் பிடித்துக்கொள்வது சுலபம். உறவைக் காட்டும் மரம் அழகாக வரும், ஆனால் தவறாக இருக்கும். எனவே இரு முனைகளிலிருந்தும் வரிசை படித்து, குரோமட்டோகிராமில் (வரிசை படிக்கும் கருவி தரும் வரைபடத்தில்) ஒரே இடத்தில் இரட்டைச் சிகரம் தெரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். பிறகு புரதமாக மொழிபெயர்த்து, நடுவே நிறுத்தக் குறி வருகிறதா என்று தேடுங்கள். இதற்கு முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியா குறியீட்டு அட்டவணையைத்தான் எடுக்க வேண்டும். பொது அட்டவணையில் டிஜிஏ நிறுத்தக் குறி. இங்கே அது டிரிப்டோஃபேன். அண்மையில் உட்கருவுக்குப் போன நம்ட்டில் நிறுத்தக் குறி இல்லாமலும் இருக்கலாம். அப்போது மாற்றங்கள் கோடானின் (ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று எழுத்துகளின்) எந்த இடத்தில் விழுகின்றன என்று எண்ணுங்கள்: வேலை செய்யும் ஜீனில் பெரும்பாலானவை மூன்றாம் இடத்தில் இருக்கும்; நம்ட்டில் மூன்றிலும் பரவத் தொடங்கும். சந்தேகம் தீராவிட்டால் நீளமான துண்டாகப் பெருக்குங்கள், அல்லது தசை மாதிரிக்கு மாறுங்கள்.

மரம் கட்டும்போது கோடானின் மூன்று இடங்களுக்கும் தனித்தனிக் கணித மாதிரியைக் (model) கொடுங்கள். மரம் கட்டும் மென்பொருளான ஐக்யூ-ட்ரீயின் அல்ட்ராஃபாஸ்ட் பூட்ஸ்ட்ராப்பில் (கிளை எவ்வளவு உறுதி என்று காட்டும் மதிப்பெண்) 95-க்குக் கீழான கிளையை நம்ப வேண்டாம். பிரிந்த காலம் கணிக்க, 10 லட்சம் ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு வேறுபாடு என்ற கணக்கு மற்றொரு மைட்டோகாண்ட்ரியா ஜீனான சைட்டோகுரோம் பி-க்கு உரியது. என்டி2-க்கு அப்படியே போடாதீர்கள்.

மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருகிறது. எத்தனை ஜீன் படித்தாலும் சாட்சி ஒன்றுதான். பழனிமலை, நீலகிரிச் சோலைக்கிளிகளை (இவை கிளிகள் அல்ல, ஈப்பிடிப்பான் குடும்பத்துச் சிறு பறவைகள்) ஷோலிகோலா என்ற புதிய பேரினமாக 2017-ல் பிரித்தபோதும் உட்கரு ஜீன்களையும் சேர்த்தே பார்த்தார்கள். உட்கரு ஜீன்களில் மியோகுளோபினின் இன்ட்ரான் 2 (புரதமாக மொழிபெயர்க்கப்படாத பகுதி) தொடங்க ஏற்றது. மைட்டோகாண்ட்ரியா மரமும் உட்கரு மரமும் முரண்பட்டால் முதலில் லேபிள் மாறியதா, நம்ட் புகுந்ததா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் இனக்கலப்பையும், மூதாதையின் வேறுபாடுகள் இன்னும் முழுதாகப் பிரியாத நிலையையும் சோதிக்க வேண்டும். அதற்கு ஒரு இனத்துக்கு ஒரு பறவை போதாது, வெவ்வேறு மலைகளிலிருந்து பல மாதிரிகள் வேண்டும்.