கிளெய்ம் என்றால் தள்ளுபடி கிடையாதாம்

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த செலவை மருத்துவமனையே காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கிக்கொண்டது. வீடு திரும்பிய பின் 60 நாட்களுக்கான மருந்துக்கு நாங்கள் பணம் கட்டி, பிறகு திரும்பக் கேட்க வேண்டும்.

மருந்துக்கடைக்காரர் முதலில் கேட்ட கேள்வி, "கிளெய்முக்கா சார்? அப்படியென்றால் எம்ஆர்பியிலேயே போட்டுவிடுகிறேன்." எல்லோருக்கும் தரும் தள்ளுபடி எனக்கு மட்டும் கிடையாது! காப்பீட்டுத் தொகையும் நான் பிரீமியம் கட்டி வாங்கியதுதானே. அது ஏன் வீணாகக் கரைய வேண்டும்? தள்ளுபடி கழித்த தொகைக்கே பில் கேட்டு வாங்கினேன். நோயாளி பெயர், மருத்துவர் பெயர், பேட்ச் எண், தேதி எல்லாம் அதில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

எம்ஆர்பி எப்படி வருகிறது என்று தேடியதும் இந்தச் சமயத்தில்தான். ரத்தம் உறையாமல் இருக்க அப்பா சாப்பிடும் க்ளோபிடோக்ரல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. அதற்கு 2013ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவிலை வைக்கிறது. சந்தையில் 1 சதவீதத்துக்குக் குறையாத பங்குள்ள பிராண்டுகள் கடைக்கு வரும் விலைகளின் சராசரி. அதன்மேல் 16 சதவீதம் கடைக்காரர் லாபம். தயாரிக்க என்ன செலவானது என்ற பேச்சே இந்தக் கணக்கில் இல்லை. பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துக்கு உச்சவிலை கிடையாது. ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது, அவ்வளவுதான்.

மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அடுத்த மாதம் அதே மருந்துகளை, பிராண்டு பெயர் இல்லாத ஜெனரிக் வகையில் மலிவாக விற்கும் மத்திய அரசுத் திட்டக் கடையான மக்கள் மருந்தகத்தில் வாங்கினோம். பில் கணிசமாக இறங்கியது.

60 நாட்கள் முடிந்த 15 நாட்களுக்குள் அசல் பில்கள், மருந்துச் சீட்டுகள், டிஸ்சார்ஜ் சுருக்கம், ரத்து செய்த காசோலை எல்லாவற்றையும் அனுப்பினேன். வைட்டமின் மாத்திரை 'சத்துப்பொருள்' என்று அதை மட்டும் வெட்டிவிட்டார்கள். பாலிசியின் அந்த விலக்கு விதியை முழுதாகப் படித்தால், மருத்துவமனைச் சிகிச்சையின் பகுதியாக மருத்துவர் எழுதியிருந்தால் விலக்கு பொருந்தாது என்று அடுத்த வரியிலேயே இருக்கிறது. வெட்டியவர் அதுவரை படிக்கவில்லை போலும். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் அந்த மாத்திரையின் பெயரைக் கோடிட்டு, விதி எண்ணையும் எழுதி அனுப்பினேன். பணம் வந்தது. வீட்டுக்கு வாங்கிய ரத்த அழுத்தக் கருவிக்கு மட்டும் தரவில்லை. கருவிகளுக்குக் கிடையாது என்று பாலிசியில் தெளிவாகவே இருந்ததால் அதற்கு நான் சண்டை போடவில்லை.